கொண்டை வெளுத்த சேவல்

ஆட்டுக் கிடாய்க்கும் காளைக்கும் காயடிப்பதைக் கிராமத்தில் வளர்ந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். பின்னங்கால்களுக்கு நடுவே தொங்கும் பையில் இரண்டு விரைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. இடுக்கியால் அவற்றுக்குப் போகும் நாளங்களை நசுக்கிவிட்டால் வேலை முடிந்தது. அதனால்தான் பொலிகாளைக்கு ஒரு பெயர், உழவுக்குப் போகும் எருதுக்கு இன்னொரு பெயர் என்று பிரித்து வைத்திருக்கிறோம். சேவலுக்கு நம் பேச்சில் அப்படி இரண்டாவது பெயர் இல்லை. சேவல் என்றால் சேவல்தான்.

காரணம் எளிது. சேவலின் விரைகள் வெளியில் இல்லை. முதுகெலும்பை ஒட்டி, நுரையீரலுக்குப் பின்னால், சிறுநீரகத்தின் முன் நுனியில், அவரை விதைபோல இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு விந்தணு உருவாக உடல் சூட்டைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி தேவை. அதற்காகவே விரைப்பை வெளியே தொங்குகிறது. கோழியின் உடல் வெப்பமோ சுமார் 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டிலேயே, குடலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவிலேயே, சேவலின் விந்தணு உருவாகிவிடுகிறது. எப்படி என்பது தனி அத்தியாயத்துக்கான விஷயம். இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: சேவலுக்குக் காயடிக்க வேண்டுமானால் அதன் வயிற்றைத் திறந்தாக வேண்டும்.

அப்படியும் மனிதர்கள் சேவலுக்குக் காயடித்திருக்கிறார்கள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய பெருநூலில், சேவலின் பின்புறத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதைக் குறிப்பிடுகிறார். அதன்பின் கொண்டை மஞ்சளித்துப்போகும், கூவல் நின்றுவிடும், பெட்டையை மிதிக்கப் போகாது என்கிறார். பொதுவாக விலங்குகளைப் பற்றி அவர் சொல்லும் இன்னொரு கவனிப்பு அதைவிட முக்கியமானது. இளம் வயதில் காயடித்தால் உடல் பெரிதாக வளர்கிறது. முழுதாக வளர்ந்தபின் காயடித்தால் வளர்ச்சியில் மாற்றமில்லை. இனப்பெருக்க உறுப்புக்கும் வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டு, அந்தத் தொடர்புக்கு ஒரு காலக்கெடுவும் உண்டு என்பதை அவர் எந்தக் கருவியும் இல்லாமல் பார்த்திருக்கிறார்.

இப்போது பண்ணைகளில் இந்த அறுவை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சில வாரங்கள் வயதான சேவல் குஞ்சை எடுப்பார்கள். அதற்கு முந்தைய நாளே தீனியை நிறுத்திவிடுவார்கள். குடல் காலியாக இருந்தால்தான் உள்ளே பார்க்க இடம் கிடைக்கும். குஞ்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, இறக்கையையும் காலையும் இழுத்துக் கட்டி, கடைசி இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே கீறுவார்கள். விலாக்களை விரித்துப் பிடித்து, காற்றுப்பையின் மெல்லிய சவ்வைக் கிழித்தால், நெல்மணி அளவில் வெளிர்மஞ்சளாக ஒரு துண்டு தெரியும். அதைத் திருகி எடுக்க வேண்டும். அதற்கு ஒட்டினாற்போல உடலின் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. கை ஒரு நூல் தவறினால் குஞ்சு அங்கேயே செத்துவிடும். கை பயந்து விரையில் ஒரு துணுக்கை விட்டுவிட்டாலோ, அந்தத் துணுக்கு மறுபடி வளரும். சில மாதம் கழித்துப் பாதிச் சேவலாகவும் பாதி வேறொன்றாகவும் ஒரு பறவை நிற்கும். கொண்டை கொஞ்சம் சிவந்திருக்கும், சண்டையும் போடும்.

பெரும்பாலும் மயக்க மருந்து கொடுக்காமலேயே இதைச் செய்துவந்திருக்கிறார்கள். கோழிக்கு வலிக்காது என்பது வெட்டுகிறவரின் ஆறுதல். பறவைக்கு வலியை உணரும் நரம்புகள் நன்றாகவே இருக்கின்றன. பிரிட்டனில் இந்த அறுவைக்குத் தடை உண்டு. பிரான்சிலும் தைவானிலும் சீனாவிலும் நடக்கிறது. இந்த அத்தியாயத்தில் நாம் தெரிந்துகொள்ளப்போகிற எல்லாமே அந்த விலாக் கீறலின் வழியாக வந்தவை. அதை மறந்துவிட்டுப் படிக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

1848ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் அடால்ஃப் பெர்ட்டோல்ட் என்ற மருத்துவர் ஆறு இளம் சேவல்களை எடுத்துக்கொண்டார். மூன்றுக்கு மூன்று மாத வயது, மூன்றுக்கு இரண்டு மாதம். அந்த ஆறையும் மூன்று ஜோடிகளாகப் பிரித்தார். முதல் ஜோடிக்கு இரண்டு விரைகளையும் எடுத்துவிட்டார். இரண்டாவது ஜோடிக்கு ஒரு விரையை எடுத்துவிட்டு, மற்றதை அதன் இணைப்புகளிலிருந்து அறுத்து வயிற்றுக்குள்ளேயே விட்டார். மூன்றாவது ஜோடிக்கு இரண்டையும் எடுத்துவிட்டு, ஒன்றின் விரையை மற்றதன் குடல்களுக்கு நடுவே மாற்றி வைத்தார்.

முதல் ஜோடி எதிர்பார்த்தபடியே ஆனது. கொண்டையும் தாடியும் வெளுத்துச் சிறுத்தே இருந்தன. குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே தொனியில் வந்தது. சண்டைக்குப் பெரிதாகப் போகவில்லை. மற்ற நான்கும் சேவலாகவே வளர்ந்தன. ஓங்கிக் கூவின, ஒன்றையொன்று கொத்திக்கொண்டன, பெட்டைகளைத் துரத்தின, கொண்டை செக்கச் செவேலென்று வளர்ந்தது. பின்பு அறுத்துப் பார்த்தபோது, இடம் மாற்றிய விரை குடலோடு ஒட்டி வளர்ந்திருந்தது. குடலின் ரத்தக் குழாய்களிலிருந்தே புதிய கிளைகள் அதற்குள் போயிருந்தன. உள்ளே விந்தணுவும் இருந்தது.

பெர்ட்டோல்ட் இங்கே நின்று யோசித்தார். விரைக்கு முன்பு வந்துகொண்டிருந்த நரம்புகள் எல்லாம் அறுந்துவிட்டன. ஆகவே அது உடலுக்குச் சொல்வது எதுவானாலும் நரம்பு வழியாகச் சொல்லவில்லை. மிச்சம் இருக்கும் பாதை ஒன்றுதான், ரத்தம். விரை எதையோ ரத்தத்தில் கலக்கிறது; ரத்தம் அதைத் தலையில் உள்ள கொண்டைக்கும், தொண்டையில் உள்ள குரலுக்கும், மூளையில் உள்ள கோபத்துக்கும் கொண்டுபோகிறது. 1849இல் நான்கே பக்கங்களில் இதை எழுதி வெளியிட்டார். ஹார்மோன் என்ற சொல் பிறக்க இன்னும் 56 ஆண்டுகள் இருந்தன. அந்த நான்கு பக்கங்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் கவனிப்பாரில்லாமல் கிடந்தன. பெர்ட்டோல்ட்டும் அதைத் தொடரவில்லை, 1861இல் இறந்துபோனார். ஆறு சேவல்கள், ஒரு கத்தி, சில மாதப் பொறுமை. நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிய அறிவியல் முழுவதும் எங்கே தொடங்கியது என்று கேட்டால் நான் அந்த வயிற்றைத்தான் காட்டுவேன்.

ரத்தத்தில் கலக்கும் அந்தப் பொருளைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டுமே. அதற்கும் காயடித்த சேவல்தான் கருவியானது. கையில் ஒரு சாறு இருக்கிறது, அதில் அந்தப் பொருள் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வெளுத்த கொண்டையுள்ள சேவலுக்கு அதை ஊசியில் ஏற்றுங்கள். இருந்தால் சில நாட்களில் கொண்டை வளரும், சிவக்கும். எவ்வளவு வளர்ந்தது என்று அளவுகோல் வைத்து அளந்துவிடலாம். 1927இல் சிகாகோவில் ஃபிரெட் கோக் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் லெமுவேல் மெக்கீயும் இறைச்சிக் கூடங்களிலிருந்து வாங்கிய 18 கிலோ காளை விரைகளை அரைத்து வடித்து 20 மில்லிகிராம் சாரத்தை எடுத்தார்கள். கொண்டைதான் அவர்களுக்கு வழி காட்டியது. 1931இல் அடால்ஃப் புட்டனாண்ட் பெர்லின் போலீஸ்காரர்களிடமிருந்து சேகரித்த 15,000 லிட்டர் சிறுநீரைக் காய்ச்சி 15 மில்லிகிராம் படிகத்தைப் பிரித்தார். அவரும் அப்போது கோட்டிங்கனில்தான் வேலை பார்த்தார். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் சுமார் 100 கிலோ காளை விரையிலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், விரை சுரக்கும் அந்த ஹார்மோன், வெளிவந்தது. 1939இல் புட்டனாண்டுக்கும் ருஸிக்கா என்ற வேதியியலாளருக்கும் வேதியியல் நோபல் பரிசு. ஒவ்வொரு படியிலும் ஒரு காயடித்த சேவலின் கொண்டை சிவந்திருக்கிறது.

கொண்டைக்கும் குரலுக்கும் விடை கிடைத்துவிட்டது. ஆனால் பண்ணைக்காரர் கொண்டைக்காகக் காயடிக்கவில்லை. இறைச்சிக்காகவும் கொழுப்புக்காகவும் காயடித்தார். காயடித்தால் சேவல் பெரிதாகும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். அது எந்த அளவு உண்மை?

தராசில் வைத்துப் பார்த்தால் பதில் அவ்வளவு நேராக வருவதில்லை. அறுவை முடிந்த சில வாரங்களுக்குக் காயடித்த குஞ்சுக்கும் மற்றதற்கும் எடையில் பெரிய வித்தியாசம் தெரியாது. அறுவையின் அதிர்ச்சியில் அது கொஞ்சம் பின்தங்கக்கூடச் செய்யும். பிறகு எட்டிப் பிடிக்கும். பருவம் வரும் நாலைந்து மாதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. அப்போதும் சில ஆய்வுகளில் காயடித்தது எடை கூடியிருக்கிறது; சிலவற்றில் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன. இனம், தீனி, காயடித்த வயது, அறுத்த வயது எல்லாம் சேர்ந்து கணக்கை மாற்றிவிடுகின்றன. ஆனால் எடை ஒன்றாக இருந்தாலும் அந்த எடைக்குள் இருப்பது ஒன்றல்ல. வயிற்றைத் திறந்தால் காயடித்த சேவலின் இரைப்பையைச் சுற்றியும் அடிவயிற்றிலும் மஞ்சள் கொழுப்பு அப்பிக் கிடக்கும். தோலுக்கு அடியிலும் கிடக்கும். தசை நார்களுக்கு நடுவிலும் ஊடுருவியிருக்கும். மற்ற சேவலில் அந்த இடங்கள் ஏறக்குறையக் காலி. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, காயடித்தால் வளருமா என்பதல்ல. தின்ற தீனி உடம்பில் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான்.

இங்கே கோழி மாட்டைப் போன்றதும் அல்ல. காயடித்த எருதைவிடக் காயடிக்காத காளை வேகமாகத் தசை வைக்கும். டெஸ்டோஸ்டிரோன் அதன் தசையை வளர்க்கிறது. அதே தர்க்கத்தைச் சேவலுக்குப் போட்டால் விரையை எடுத்ததும் வளர்ச்சி குறைய வேண்டும். குறைவதில்லை. 1992இல் வெளியான ஓர் ஆய்வில் கோழிகளுக்கு டெஸ்டோஸ்டிரோனையும் அதைச் சேர்ந்த வேறு இரு பொருள்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி கூடவில்லை, குறைந்தது. ஆண் ஹார்மோன் என்றாலே தசைதான் என்று பாலூட்டிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது முதலில் மனதில் ஏறாது. ஒரே மூலக்கூறு, இரண்டு உடல்கள், இரண்டு அர்த்தங்கள்.

எலும்பில் நடப்பதை அரிஸ்டாட்டிலின் கவனிப்போடு சேர்த்துப் பார்க்கலாம். நீண்ட எலும்புகளின் முனையில் குருத்தெலும்புப் பட்டை ஒன்று இருக்கிறது. அது இருக்கும்வரை எலும்பு நீளும். பருவம் வந்ததும் பாலியல் ஹார்மோன்கள் அதை எலும்பாக மாற்றி மூடிவிடுகின்றன. விரை இல்லாத சேவலில் அந்தப் பட்டை தாமதமாக மூடுகிறது. அதனால் கால் கொஞ்சம் நெடிதாகிறது. வளர்ந்தபின் காயடித்தால் பட்டை ஏற்கெனவே மூடிவிட்டது, நீள ஒன்றுமில்லை. அரிஸ்டாட்டில் பார்த்த காலக்கெடு இதுதான். நீளம் கிடைத்தாலும் உறுதி கிடைப்பதில்லை. தைவானில் செய்த ஆய்வுகளில் காயடித்த சேவலின் எலும்பு வலுவிழந்ததும், ஆண் ஹார்மோனைத் திரும்பக் கொடுத்தபோது அந்த இழப்பு தடுக்கப்பட்டதும் தெரியவந்தது.

கொழுப்பின் கதை கல்லீரலில் நடக்கிறது. பறவை உடலில் புதிதாகக் கொழுப்பு உருவாகும் இடம் பெரும்பகுதி கல்லீரல்தான். கொழுப்புத் திசு வெறும் கிடங்கு. தின்ற சோளமும் கம்பும் மாவுச்சத்தாகக் குடலில் கரைந்து சர்க்கரையாகக் கல்லீரலுக்குப் போகின்றன. அங்கே நொதிகள் சர்க்கரையைக் கொழுப்பு அமிலமாக மாற்றுகின்றன. பிறகு கல்லீரல் அதைப் புரதம் போர்த்திய நுண்துளிகளாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. கிடங்கின் வாசலில் இன்னொரு நொதி அந்தத் துளிகளை உடைத்துச் சரக்கை இறக்குகிறது. காயடித்த சேவலில் இந்தப் பாதை முழுவதும் சுறுசுறுப்பாகிறது. கல்லீரலில் கொழுப்பைக் கட்டும் நொதிகள் கூடுகின்றன. ரத்தத்தில் டிரைகிளிசரைடு உயர்கிறது. அடிவயிற்றுக் கிடங்கு நிரம்புகிறது. டெஸ்டோஸ்டிரோன் இருந்தவரை அந்தப் பாதையை அது அடக்கி வைத்திருந்தது என்று அர்த்தம்.

இதோடு வாழ்க்கை முறையும் மாறுகிறது. சேவல் என்பது ஓயாத செலவு. விடியலில் கூவல், பகலெல்லாம் காவல், எதிரியைக் கண்டால் சிலிர்ப்பு, பெட்டைகளின் பின்னால் ஓட்டம். விரை போனதும் இந்தச் செலவு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. காயடித்த சேவல் மந்தையோடு அமைதியாக மேய்கிறது. மிச்சமாகும் தீனி கொழுப்பாகிறது.

ஆனால் இதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. ஒரு கிராம் இறைச்சியிலோ முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோகலோரிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஒரு கிராம் எடையைக் கொழுப்பாகக் கூட்ட, இறைச்சியாகக் கூட்டுவதைவிடப் பல மடங்கு தீனி வேண்டும். அதனால் காயடித்த சேவல் ஒரு கிலோ எடை வைக்கத் தின்னும் தீனி அதிகம். அது ஏழையின் பறவை அல்ல. விசேஷ நாளின் பறவை. தைவானில் சந்திரப் புத்தாண்டுப் படையலுக்கும் கோயில் விழாவுக்கும் வைக்கிறார்கள். பிரான்சில் கிறிஸ்துமஸ் மேசைக்கு வைக்கிறார்கள்.

பிரான்சின் கிழக்கே பிரெஸ் என்ற வட்டாரம். வெள்ளை இறகு, சிவந்த கொண்டை, நீலக் கால் என்று அந்த நாட்டுக் கொடியின் மூன்று நிறங்களையும் உடம்பில் வைத்திருக்கும் கோழி இனம் அங்கே வளர்கிறது. 1957இலேயே சட்டம் போட்டு அதன் பெயரைக் காத்தார்கள். அந்த இனத்தின் காயடித்த சேவலுக்குக் குறைந்தது எட்டு மாதம் வயதாக வேண்டும். புல்வெளியில் மேயவிட்டு, கடைசி வாரங்களில் இருட்டறையில் மரக்கூண்டில் அடைத்துச் சோளமும் பாலும் கொடுப்பார்கள். அறுத்து இறகு பிடுங்கியபின் உடலைத் துணியில் இறுக்கிச் சுற்றித் தைத்துவிடுவார்கள். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அழுந்தித் தசைக்குள் இறங்கும். துணியைப் பிரிக்கும்போது அது கோழி உருவத்திலேயே இருக்காது, தந்த நிறத்தில் ஒரு வழவழப்பான உருளையாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி காயடித்த சேவல் என்று விற்க வேண்டுமானால் அறுவைக்குப் பின் குறைந்தது 77 நாள் வளர்த்திருக்க வேண்டும். அறுக்கும்போது வயது 140 நாளுக்குக் குறையக்கூடாது. விதியை எழுதியவர்களுக்கு உயிரியல் தெரிந்திருக்கிறது. பருவ வயது தாண்டாவிட்டால் காயடித்ததும் காயடிக்காததும் தட்டில் ஒன்றுதான்.

சேவலிடம் விரையை எடுத்தால் இப்படி. பெட்டையிடம் சூலகத்தை எடுத்தால்?

பெட்டைக்கோழிக்கு வேலை செய்யும் சூலகம் ஒன்றே ஒன்று, இடப்பக்கத்தில். வலப்பக்கத்தில் கரு நிலையிலேயே வளர்ச்சி நின்றுபோன ஒரு தடம் மட்டும் இருக்கிறது. இளம் வயதில் இடச் சூலகத்தை எடுத்துவிட்டால் அந்த வலப்பக்கத் தடம் விழித்துக்கொள்கிறது. அது பெரும்பாலும் சூலகமாக வளராது, விரை போன்ற ஒன்றாக வளரும். கொண்டை பெரிதாகும். அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது கழுத்தில் கூரிய நீள் இறகும் வாலில் வளைந்த இறகும் வரும். சில கூவவும் செய்யும். ஆகவே பெட்டையைக் கொழுக்க வைக்கச் சூலகத்தை எடுப்பது நம்பகமான வழி ஆகவில்லை. எடுத்த இடத்துக்கு வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் கொழுத்த இளம்பெட்டைக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு அறுவை கிடையாது, முட்டையிடத் தொடங்கும் முன்னே கொழுக்க வைத்து அறுப்பதுதான்.

இறகில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. விரையை எடுத்த சேவலின் கொண்டைதான் வெளுக்கிறது, இறகு மங்குவதில்லை. முன்பைவிட நீண்டு மினுங்குகிறது. சூலகத்தை எடுத்த பெட்டைக்கும் அதே சேவல் இறகு வருகிறது. சேவலின் பகட்டான இறகுக்கு ஆண் ஹார்மோன் தேவையே இல்லை. அதுதான் கோழி இனத்தின் அடிப்படை உடுப்பு. பெட்டையின் அடக்கமான நிறம்தான் சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் போட்டுத் தரும் உடுப்பு. அடைகாக்கும்போது பருந்தின் கண்ணில் படாமல் இருக்க அது உதவுகிறது. கால் முள்ளும் அப்படித்தான், விரை போனாலும் முள் வளரும்.

பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று நம் ஊரில் பெண்களை அடக்கச் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. பெட்டைக்கோழி கூவும். சூலகம் நோயால் அழிந்தால் வயதான பெட்டைகூடக் கூவும். அதைக் கெட்ட சகுனம் என்று பயந்தவர்கள் நாம் மட்டுமல்ல; 1474இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் முட்டையிட்டதாகக் குற்றம் சாட்டி ஒரு சேவலை விசாரித்துத் தீயிலிட்டார்கள். 1923இல் எடின்பரோவில் ஃபிரான்சிஸ் க்ரூ என்ற மரபியலாளர் ஒரு கோழியைப் பற்றி எழுதினார். முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துத் தாயாகியிருந்த பெட்டை அது. பிறகு கூவத் தொடங்கி, இரண்டு குஞ்சுகளுக்குத் தந்தையும் ஆனது. அறுத்துப் பார்த்தபோது சூலகம் நோயால் அழிந்திருந்தது. 449 ஆண்டு இடைவெளியில் ஒரே வகை உடலை ஓர் ஊர் நெருப்பில் இட்டது. இன்னோர் ஊர் அறுத்துப் பார்த்துப் புரிந்துகொண்டது.

பெட்டையின் கொழுப்புக்கு வருவோம். ஒரு மஞ்சள் கருவில் சுமார் 5 கிராம் கொழுப்பு இருக்கிறது. முட்டையிடும் கோழி அதை ஏறக்குறைய அன்றாடம் கொடுக்க வேண்டும். பருவம் வந்து சூலகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்ததும் கல்லீரல் பெருக்கிறது, கொழுப்பை அள்ளி அள்ளி ரத்தத்தில் விடுகிறது. முட்டையிடும் கோழியின் ரத்தத்தைத் தெளியவைத்தால் மேலே நிற்கும் நீர் பால்போல வெளுத்திருக்கும். அதே கல்லீரலைத்தான் சேவலில் டெஸ்டோஸ்டிரோன் அடக்கி வைக்கிறது. விரையை எடுப்பது அந்தப் பிடியைத் தளர்த்துவது. ஈஸ்ட்ரோஜனைக் கொடுப்பது மடையையே திறந்துவிடுவது.

கத்தி இல்லாமல் இந்த மடையைத் திறந்தால் என்ன என்று 1940களில் அமெரிக்காவில் ஒரு யோசனை வந்தது. 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்பவர் செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஒன்றைச் செய்திருந்தார். டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்று பெயர். செய்யச் செலவு மிகக் குறைவு, காப்புரிமையும் கிடையாது. கலிபோர்னியாவில் லோரென்ஸ் என்ற ஆய்வாளர் அதைச் சேவல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கொண்டை சுருங்கியது, சண்டை நின்றது, கொழுப்பு ஏறியது. சேவலின் ரத்தம் முட்டையிடும் பெட்டையின் ரத்தம்போல வெளுத்தது. 1947இல் அனுமதி கிடைத்தது. சிறு மாத்திரை ஒன்றைக் கழுத்தின் மேற்பகுதியில், தலையை ஒட்டித் தோலுக்கடியில் வைப்பார்கள். தலையை வெட்டி எறியும்போது மிச்ச மருந்தும் போய்விடும் என்பது கணக்கு.

எறிந்த தலைகள் எங்கே போயின? மென்மயிருக்காக மிங்க் என்ற சிறு விலங்கை வளர்க்கும் பண்ணைகளுக்குத் தீனியாகப் போயின. அங்கே மிங்க்குகள் குட்டி போடுவதை நிறுத்தின. கோழியின் தோலிலும் கல்லீரலிலும் கூட மருந்தின் மிச்சம் இருப்பது பின்னர் தெரிந்தது. 1959இல் கோழிக்கு அதைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். இதே மருந்தைக் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிப் பெண்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெற்ற மகள்களில் சிலருக்கு இளம் வயதிலேயே அரிதான ஒரு புற்றுநோய் வருவது 1971இல் வெளிப்பட்டது. கோழியின் கழுத்தில் வைத்த மாத்திரைக்கும் அந்த இளம்பெண்களுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு மூலக்கூறு. அது கோழிக் கல்லீரலில் மட்டும் வேலை செய்யும் என்று யாரும் ஒப்பந்தம் போட்டுத் தரவில்லை.

கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று இன்று தமிழ்நாட்டில் பேசாத வீடு இல்லை. பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்கு பிராய்லர்தான் காரணம் என்று மருத்துவமனை வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் சொல்கிறார்கள். அந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மேலே சொன்ன மாத்திரையின் வரலாறு தெரிந்தால் அந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது என்பதும் தெரியும். ஆனால் இன்றைய பிராய்லருக்கு அது பொருந்தாது. பல்லடத்துப் பண்ணையில் ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் இருக்கின்றன. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீனியில் கலந்தால் செரித்துப்போகும், ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. போட்டாலும் கோழியில் அதற்குப் பெரிய பலன் கிடைப்பதில்லை. ஆண் ஹார்மோன் கொடுத்தால் வளர்ச்சி குறையும் என்று பார்த்தோம். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கொழுப்புதான் ஏறும். விற்பவருக்கு வேண்டியது நெஞ்சுக் கறி. கவலைப்பட வேண்டியது ஹார்மோனைப் பற்றி அல்ல, தீனியில் கலக்கும் ஆன்டிபயாட்டிக் பற்றி. மனிதர்களுக்குக் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க 2019இல்தான் இந்தியா தடை விதித்தது.

அப்படியானால் பிராய்லரின் வளர்ச்சிக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டுக் கோழி இனத்தையும், 1978 இனத்தையும், 2005 இனத்தையும் ஒரே இடத்தில் ஒரே தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் முதலாவது 905 கிராம். இரண்டாவது 1,808 கிராம். மூன்றாவது 4,202 கிராம். தீனி ஒன்று, கொட்டகை ஒன்று, ஹார்மோன் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பெரியதையே பொறுக்கி இணைசேர்த்ததன் விளைவு அது. ஆறு வாரத்தில் பிராய்லர் அறுபடுகிறது. சேவல் பருவமடைய நாலைந்து மாதம் வேண்டும். ஆறு வார பிராய்லரின் விரை சிறு பருப்பளவுகூட இருக்காது. காயடிக்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

ஆனால் அந்தக் குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனும் இருக்கின்றன. அவை பருவமடைந்தாக வேண்டும், முட்டையிட்டாக வேண்டும், மிதித்தாக வேண்டும். வளர்ச்சிக்கென்றே பொறுக்கிய உடலுக்கு வயிறாரத் தீனி வைத்தால் கொழுப்பு ஏறி, சூலகத்தில் கருக்கள் முறை தவறி முதிர்ந்து, முட்டை குறைந்து, சேவலுக்கு மிதிக்கவே முடியாமல் போகும். விரையும் சூலகமும் இருந்தும் கொழுப்பு அவற்றை முடக்கிவிடும். ஆகவே தாய்க்கோழிப் பண்ணைகளில் தீனியை எடைபோட்டு அளந்துதான் வைக்கிறார்கள். காலையில் தீனித்தொட்டி ஓடத் தொடங்கியதும் கொட்டகை முழுவதும் பாய்ந்து வருகிறது. சில நிமிடங்களில் தொட்டி காலி. மறுநாள் காலை வரை அவை வெறும் தொட்டியைக் கொத்திக்கொண்டே இருக்கின்றன.